பழைய மாஸ்டர் ஆட்டங்களிலிருந்து செஸ் ஸ்ட்ராட்டஜி கற்றுக்கொள்வது: எந்த ஆட்டங்கள், எப்படிப் பார்ப்பது?

நடுப்பலகை எழுதியது:

ஆன்லைன் ரேபிடில் என் ரேட்டிங் 1500ஐச் சுற்றியே நிற்கிறது. டாக்டிக்ஸ் (சில மூவ்களில் காய் பிடிக்கும் உத்திகள்) பயிற்சி விடாமல் செய்கிறேன், ஃபோர்க், பின், ஸ்கியூவர் போன்ற உத்திகள் எல்லாம் இப்போது ஓரளவு கண்ணில் பட்டுவிடுகிறது. ஓப்பனிங்கில் பத்துப் பன்னிரண்டு மூவ் வரைக்கும் பெரிய பிரச்சினை இல்லை. அதற்கப்புறம்தான் சிக்கல். காய்கள் எல்லாம் வெளியே வந்தாயிற்று, கேஸ்லிங் முடிந்தது, வெட்டுவதற்கு எதுவும் இல்லை, சரி, இப்போது என்ன செய்வது? யானையை ஒரு கட்டம் தள்ளி வைப்பேன், எச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துவேன், எதிராளி ஏதாவது தப்பு செய்யட்டும் என்று காத்திருப்பேன்.

யாரைக் கேட்டாலும் "கிளாசிக் ஆட்டங்களைப் படி" என்கிறார்கள். மார்ஃபி, காபாபிளாங்கா, அலெகின் என்று நிறைய ஆட்டங்களை மூவ் மூவாகத் தட்டிப் பார்க்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் என் சொந்த ஆட்டத்தில் உட்காரும்போது அதிலிருந்து ஒன்றும் கைக்கு வருவதில்லை. எந்த ஆட்டத்தில் தொடங்கலாம், எப்படிப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


சிப்பாய்நடை எழுதியது:

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், தட்டிக்கொண்டே போவதை நிறுத்துங்கள். ஒரு ஆட்டத்தை இரண்டு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்தால் கண்ணில் நிற்பது கடைசியில் வரும் ராணி பலியும் செக்மேட்டும்தான். அந்த ராணி பலி நடக்கும்படியான நிலையை உண்டாக்கிய அமைதியான மூவ்கள் பத்து இருக்கும், அவை அப்படியே நழுவிப் போகும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பத்துதான். வெட்டு, செக், மிரட்டல் எதுவும் இல்லாத மூவ் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். "இது எதற்கு?" என்று கேட்டு, பதில் கிடைக்கும் வரை அடுத்த மூவுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, ஜெயித்தவர் பக்கம் உட்கார்ந்து அவருடைய ஒவ்வொரு மூவையும் மறைத்து வைத்துக்கொண்டு நீங்களே ஊகியுங்கள். ஊகித்ததைத் தாளில் எழுதுங்கள், மனதுக்குள் சொன்னால் போதாது, ஏனென்றால் மாஸ்டரின் மூவைப் பார்த்த உடனே "ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சொல்லிவிடும். எழுதி வைத்தால் அது நடக்காது. உங்கள் மூவும் அவருடைய மூவும் எங்கே பிரிகிறதோ அந்த இடம்தான் உங்களுக்கான பாடம்.

தொடங்குவதற்கு என் பரிந்துரை மார்ஃபி இல்லை. 1919இல் ஹேஸ்டிங்ஸில் நடந்த வின்டர் – காபாபிளாங்கா ஆட்டம். காபாபிளாங்கா கறுப்பு, மொத்தம் 29 மூவ். வெள்ளை தன் பிஷப்பை ஜி5இல் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை) வைத்து குதிரையைக் கட்டுகிறது, கறுப்பு எச் சிப்பாயை நகர்த்தி பிஷப்பை விரட்டுகிறது, பிஷப் எச்4க்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் கறுப்பு ஜி5 தள்ளுகிறது, பிஷப் ஜி3க்கு ஒதுங்குகிறது. பிறகு வரிசையாக வெட்டு, ராணிகள் பலகையை விட்டுப் போகின்றன, உடனே கறுப்பு எஃப்6. இந்த எஃப்6இல் நில்லுங்கள். எதிரே இருக்கும் இ5 சிப்பாய்க்குப் பின்னால் எஃப்6 சிப்பாயும் டி6 பிஷப்பும் நிற்கின்றன, ஜி5இல் இன்னொரு சிப்பாய். ஜி3 பிஷப்புக்கு இரண்டு பக்கமும் வழி அடைபட்டுவிட்டது. ஆட்டம் முடியும்வரை அது உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு காபாபிளாங்கா செய்வது என்ன? பிஷப்பைப் பிடிக்க முயற்சி செய்யவில்லை. பலகையின் மறுபக்கம் போய், அங்கே சிப்பாய்களைத் தள்ளி வழி திறக்கிறார். ஏனென்றால் அந்தப் பக்கச் சண்டையில் அவருக்கு ஒரு காய் அதிகம். வெள்ளை எச் வரிசையைத் திறந்து அங்கே ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கிறது, ஒன்றும் கிடைக்கவில்லை, கடைசியில் அந்த எச்1 யானையே ஏ வரிசைக்குத் திரும்பி ஓடிவர வேண்டியிருக்கிறது. இதில் ஒரு பெரிய டாக்டிக்ஸும் கிடையாது. 1500இல் இருக்கும் யாரும் ஒவ்வொரு மூவையும் கண்டுபிடிக்கலாம், முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால்: எதிராளியின் எந்தக் காய் வேலை செய்யவில்லை, அது வந்து சேர முடியாத பக்கம் எது?


எஞ்சின்பார்வை எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்து எதிராளிகள் பலரும் இன்றைய அளவுக்குத் தற்காப்பு தெரியாதவர்கள். மார்ஃபி பாரிஸ் ஓபராவில் ஆடியது ஒரு டியூக்குக்கும் ஒரு கவுண்ட்டுக்கும் எதிராக, இருவரும் கலந்து பேசி ஆடினார்கள், அப்படியும் 17 மூவில் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆட்டங்களைப் பார்த்துவிட்டு நாமும் அதேபோலத் திட்டம் போட்டால் எதிரில் இருப்பவர் சும்மா இருக்கமாட்டார். இன்றைய டாப் பிளேயர்கள் ஆட்டங்களை ஸ்டாக்ஃபிஷ் (செஸ் ஆடும் கணினி நிரல், அதாவது எஞ்சின்) போட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி என்பேன், எது சரி எது தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும்.


சிப்பாய்நடை எழுதியது:

நீங்கள் குறையாகச் சொல்வதுதான் கற்றுக்கொள்பவருக்கு நன்மை. இன்றைய இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடும்போது ஒருவர் போடும் திட்டம் மற்றவருக்கு முதல் மூவிலேயே தெரிந்துவிடும், பாதி வழியில் தடுத்துவிடுவார், உடனே இவர் வேறு திட்டத்துக்குத் தாவுவார், அதையும் அவர் தடுப்பார். பலகையில் நமக்குத் தெரிவது நடக்காமல் போன திட்டங்களின் மிச்சம் மட்டும். "யானை ஏன் திடீரென்று டி1லிருந்து சி1க்குப் போனது?" என்றால், மூன்று மூவ் கழித்து வரக்கூடிய ஒன்றைத் தடுக்க, அந்த ஒன்றோ கடைசிவரை வரவே வராது. 1500இல் இருப்பவர் இதிலிருந்து என்ன எடுக்க முடியும்?

பழைய ஆட்டத்தில் திட்டம் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தடையில்லாமல் ஓடும். பலவீனம் எப்படி உண்டானது, காய்கள் எப்படி அங்கே குவிந்தன, எப்போது உடைத்தார்கள் என்று முழுசாகக் கண்ணால் பார்க்கலாம். முழுத் திட்டத்தை ஒரு தடவையாவது பார்த்தவருக்குத்தான் பாதியில் தடுக்கப்பட்ட திட்டம் புரியும்.

அந்த ஓபரா ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம், 1858. கடைசி ராணி பலியை விடுங்கள். 7-வது மூவில் மார்ஃபி ராணியை பி3க்குக் கொண்டுவருகிறார், எஃப்7, பி7 இரண்டுக்கும் குறி. கறுப்பு ராணி இ7க்கு வந்து எஃப்7ஐக் காக்கிறது. இப்போது பி7 சிப்பாய் சும்மா கிடைக்கிறது. வெட்டினால் கறுப்பு ராணி பி4இல் செக் கொடுக்கும், ராணிகள் மாறும், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், நிம்மதியான எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்). நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் வெட்டுவோம். மார்ஃபி குதிரையை சி3இல் வைக்கிறார். ஏனென்றால் கறுப்பு ராணி இ7இல் நிற்கிறது, தன்னுடைய எஃப்8 பிஷப்புக்கே குறுக்கே நிற்கிறது, அதனால் ராஜா கேஸ்லிங் செய்ய இன்னும் நேரம் எடுக்கும். அந்த நேரம் ஒரு சிப்பாயைவிடப் பெரியது என்று கணக்குப் போட்டார். ஆட்டம் முடியும்போது கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் தொடங்கிய கட்டத்திலேயே இருக்கின்றன. வெள்ளையிடமோ சிப்பாய்களும் ராஜாவும் போக ஒரு யானையும் ஒரு பிஷப்பும் மட்டும், அவை இரண்டும் சேர்ந்து மேட். டியூக் பலவீனமானவராகவே இருக்கட்டும், அந்த 8-வது மூவில் எடுத்த முடிவு இன்றைக்கும் முடிவுதான்.


பிளிட்ஸ்பிரியன் எழுதியது:

பி7ஐ நானும் வெட்டியிருப்பேன். எஞ்சின்கூட அதைத் தப்பு என்று சொல்லாதே?


சிப்பாய்நடை எழுதியது:

சொல்லாது, வெட்டினாலும் வெள்ளைக்கு நல்ல நிலைதான். நான் சொல்வது வேறு. ஒரு சிப்பாய் கண்ணெதிரே இருக்கும்போது அதைத் தவிர வேறு என்னவெல்லாம் பலகையில் நடக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வந்தவர் பி7ஐ வெட்டினாலும் சரி, வெட்டாவிட்டாலும் சரி.


ஏழாம்வரிசை எழுதியது:

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. மூவை ஊகிக்கும் பயிற்சி நல்லதுதான், ஆனால் எல்லா மூவிலும் ஊகிக்கச் சொன்னால் பிள்ளைகள் பாதியிலேயே களைத்துவிடுகிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான். ஓப்பனிங் மூவ்களை விட்டுவிடலாம். எதிராளி வெட்டியதைத் திரும்ப வெட்டும் மூவ்களையும் விட்டுவிடலாம். ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு இடத்தில் நின்றால் போதும், ஆனால் அந்த இடங்களில் நிஜமாகவே கடிகாரம் ஓடுவதுபோல உட்கார வேண்டும்.

நான் எப்போதும் கேட்கும் கேள்வி, "உன் காய்களில் மோசமான காய் எது? எதிராளியின் காய்களில் நல்ல காய் எது?" இதற்கு 1971 கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதியில், புவனோஸ் ஐரிஸில், ஃபிஷர் – பெட்ரோசியன் 7-வது ஆட்டம் மாதிரி இன்னொன்று கிடையாது. ஃபிஷரின் குதிரை சி5இல் நிற்கிறது, எந்தச் சிப்பாயாலும் விரட்ட முடியாது, பார்க்கிற எவருக்கும் ஆசை வரும் குதிரை. பெட்ரோசியனின் பிஷப் டி7இல், தன்னுடைய ஏ6, டி5 சிப்பாய்கள் நிற்கும் அதே நிறக் கட்டங்களில் முடங்கிக் கிடக்கிறது. "மோசமான பிஷப்" என்று பாடம் நடத்தும்போது காட்டுவோமே, அதே பிஷப்.

22-வது மூவில் ஃபிஷர் அந்த அழகான குதிரையைக் கொடுத்து அந்த மோசமான பிஷப்பை வெட்டுகிறார்!

இந்த இடத்தில் நிறுத்திப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். காரணம் என்ன? பார்வைக்கு மோசமாக இருந்தாலும் அந்த பிஷப்தான் ஏ6, டி5 இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்தது. அது போன அடுத்த மூவிலேயே வெள்ளை யானை சி1க்கு வருகிறது, அதற்கடுத்து சி7. ஃபிஷரிடம் மிஞ்சிய பிஷப் கறுப்பின் குதிரையைவிட எங்கேயோ மேல். அதற்கப்புறம் ராஜா எஃப்2, எஃப்3, இ3 என்று நிதானமாக நடந்து நடுவுக்கு வருகிறது, இரண்டாவது யானையும் ஏழாம் வரிசைக்கு வந்து சேர்கிறது, 34-வது மூவில் பெட்ரோசியன் தோல்வியை ஒப்புக்கொள்கிறார். பலகையில் எது அழகாக நிற்கிறது என்பதைவிட, வெட்டு முடிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று பார்க்க இந்த ஒரு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும். இது மனதில் ஏறிய பிள்ளைகள் அதற்கப்புறம் "நல்ல காய், கெட்ட காய்" என்று மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை.


நடுப்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வின்டர் – காபாபிளாங்கா ஆட்டத்தைப் பலகையில் வைத்து, எழுதி எழுதிப் பார்த்தேன். ராணிகளை மாற்றிக்கொண்ட இடத்தில் என் ஊகம் வேறாக இருந்தது, ராணியை வைத்துக்கொண்டு ராஜாவைத் தாக்கலாமே என்று எழுதியிருந்தேன். அவர் ஏன் மாற்றிக்கொண்டார் என்பது எஃப்6க்குப் பிறகுதான் கொஞ்சம் புரிந்தது. காய்கள் குறையக் குறைய அந்த முடங்கிய பிஷப்பின் இழப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது, சரியா?


சிப்பாய்நடை எழுதியது:

மிகச் சரி. இன்னொன்றும் உண்டு. ஜி5 தள்ளியதால் கறுப்பு ராஜாவின் முன்பக்கமும் திறந்துதான் கிடந்தது. ராணிகள் இருந்தால் அது ஆபத்து. ராணிகள் போனதும் அந்த ஆபத்து போய்விட்டது, ஆனால் ஜி5 தந்த லாபம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது காரணத்தையும் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள், அந்த நிலையை இன்னும் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால்.

அடுத்தது ரோட்லெவி – ரூபின்ஸ்டைன், லோட்ஸ், 1907. எல்லோரும் 22-வது மூவிலிருந்து வரும் பலிகளுக்காகக் காட்டுவார்கள். நீங்கள் 15-வது மூவில் நின்றுவிடுங்கள். வெள்ளை கேஸ்லிங் செய்திருக்கும், கறுப்பு ஆட வேண்டும். இரண்டு பக்கத்தையும் காய் காயாக ஒப்பிட்டுப் பார்த்து என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.


எஞ்சின்பார்வை எழுதியது:

பழைய ஆட்டங்களில் திட்டம் முழுசாகத் தெரியும் என்ற வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன், நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஆனால் எஞ்சினை ஒதுக்கவே தேவையில்லை. எப்போது திறப்பது என்பதுதான் விஷயம். ஊகம் எல்லாம் எழுதி முடித்த பிறகு, உங்கள் மூவும் மாஸ்டர் மூவும் வேறாக இருந்த இடங்களில் மட்டும் எஞ்சினைப் போடுங்கள். அப்போதும் அது காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு மூடக்கூடாது. உங்கள் மூவைப் பலகையில் வைத்து எஞ்சினை எதிராளியாக ஆடவிடுங்கள், நாலைந்து மூவ் ஆடிப்பாருங்கள். அது உங்களை எப்படித் தண்டிக்கிறது என்று பார்த்தால் மாஸ்டர் அந்த மூவை ஏன் தவிர்த்தார் என்று பதில் கிடைக்கும். தண்டிக்க முடியவில்லை என்றால் உங்கள் மூவும் நல்ல மூவ்தான், தைரியமாக அடுத்ததற்குப் போங்கள்.

பழைய விளக்கவுரைகளில் ஒரு சிக்கலும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தவர் செய்ததெல்லாம் முதல் மூவிலிருந்தே திட்டமிட்டது என்பதுபோல எழுதிவிடுவார்கள். எஞ்சினைப் போட்டுப் பார்த்தால் நடுவில் எதிராளிக்குத் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பைத் தேடுவதே ஒரு பயிற்சி. தோற்றவர் பக்கம் உட்கார்ந்தும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.


ஏழாம்வரிசை எழுதியது:

கடைசி வரியை நூற்றுக்கு நூறு ஆமோதிக்கிறேன். தோற்றவர் பக்கம் பார்ப்பது யாரும் செய்யாத பயிற்சி.


நடுப்பலகை எழுதியது:

ரூபின்ஸ்டைன் ஆட்டம், 15-வது மூவ். எனக்குத் தெரிந்தது: இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. ஏ, பி சிப்பாய்கள் இரண்டு பக்கமும் அதேபோல முன்னால் வந்திருக்கின்றன, இரண்டு பிஷப்களும் அதே கட்டங்களின் எதிர்ப்பக்கத்தில், குதிரைகள் அப்படியே, ராணிகள் இ2, இ7. ஒரே வித்தியாசம் கறுப்பின் ஒரு யானை ஏற்கெனவே டி8இல் நிற்கிறது, ஆட வேண்டியதும் கறுப்பு. முதல் மூவ் ஆடியது வெள்ளைதானே, அப்படியானால் வெள்ளை எங்கேயோ நேரத்தை விட்டிருக்க வேண்டும். பின்னால் போய்ப் பார்த்தேன். வெள்ளை ராணி முதலில் டி2, பிறகு இ2. பிஷப் டி3, சி4, மறுபடி டி3. அங்கேதான் போயிருக்கிறது. ஆனால் ஒரு யானை ஒரு கட்டத்தில் இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.


சிப்பாய்நடை எழுதியது:

பிரமாதம், இதைக் கண்டுபிடித்ததும் பாதி ஆட்டம் உங்கள் கையில் வந்துவிட்டது.

இப்போது மேலே போங்கள். கறுப்பு உடனே குதிரையை இ5க்குக் கொண்டுபோய் குதிரைகளை மாற்றிக்கொள்கிறது. வெள்ளை எஃப்4, இ4, இ5 என்று சிப்பாய்களைத் தள்ளுகிறது. தள்ளத் தள்ள ராஜாவைச் சுற்றி மூலைவிட்டங்கள் திறக்கின்றன, கறுப்பின் இரண்டு பிஷப்களும் பி6இலும் பி7இலும் இருந்துகொண்டு நேராக வெள்ளை ராஜாவின் வீட்டைப் பார்க்கின்றன. குதிரை ஜி4, ராணி எச்4. 22-வது மூவில் யானை சி3 குதிரையை வெட்டுகிறது, வெள்ளை சிப்பாய் எச்4இல் ராணியை வெட்டுகிறது, ராணி போனால் போகட்டும் என்று கறுப்பு ஆடும் அடுத்த மூவ் எது? யானை டி2.

அந்த யானை எங்கிருந்து டி2க்கு வருகிறது? டி8இலிருந்து. நீங்கள் 15-வது மூவில் "ஒரே வித்தியாசம்" என்று எழுதினீர்களே, அதே யானை. வெள்ளை ராணியும் பிஷப்பும் வீணாக்கிய நேரம் டி8இல் வந்து உட்கார்ந்து, எட்டு மூவ் கழித்து டி2இல் இறங்குகிறது. 25-வது மூவில் மற்ற யானை எச்3க்குப் போக ஆட்டம் முடிந்தது. ஒரு டெம்போ (ஒரு மூவ் அளவு நேரம்) என்ன பெறும் என்று வாயால் எத்தனை மணி நேரம் சொன்னாலும் இந்த அளவுக்கு மனதில் பதியாது.

இது வெறும் அருங்காட்சியகப் பொருள் என்று நினைப்பவர்களுக்காக: 2013இல் வெய்க் ஆன் சீயில் ஆரோனியன் – ஆனந்த் ஆட்டம். ஆனந்த் கறுப்பு, 23 மூவில் வெற்றி. அதிலும் இரண்டு பிஷப்கள் வெள்ளை ராஜாவை நோக்கி, அதிலும் காய்களைப் பற்றிக் கவலைப்படாமல் முன்னேறுவது. ஆட்டம் முடிந்தபின் ஆனந்தே ரூபின்ஸ்டைனின் இந்த ஆட்டத்தைக் குறிப்பிட்டார். 1907க்கும் 2013க்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல். ஆரோனியன் அப்போது உலகின் முதல் சில ஆட்டக்காரர்களில் ஒருவர், டியூக்கும் கவுண்ட்டும் இல்லை. ஆனந்த் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்குப் போடவில்லை, இந்த பிஷப்கள் இப்படி நின்றால் அங்கே ஏதோ இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். கணக்கு அதற்கப்புறம் வந்தது. நாம் கிளாசிக் ஆட்டங்களைப் பார்ப்பது இதற்குத்தான்.


பிளிட்ஸ்பிரியன் எழுதியது:

அப்படியானால் இந்த ஆட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா? எனக்கு ஒரு ஆட்டம் பார்த்து முடிப்பதற்குள் முந்தைய ஆட்டம் மறந்துவிடுகிறது. அப்புறம் எண்ட்கேமுக்கும் இப்படி ஒன்று சொல்லுங்களேன்.


ஏழாம்வரிசை எழுதியது:

மூவ் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு நிலையை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வின்டர் ஆட்டத்தில் எஃப்6க்குப் பிந்தைய நிலை, ஃபிஷர் ஆட்டத்தில் 22-வது மூவுக்கு முந்தைய நிலை. அந்த ஒரு படத்தை வெற்றுப் பலகையில் உங்களால் அடுக்க முடிகிறதா என்று சில நாள் கழித்துப் பாருங்கள். அடுக்கத் தெரிந்தால் காரணமும் கூடவே வரும், சிப்பாய்களை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதே "ஆமாம், இது ஏன் இங்கே இருந்தது" என்று வந்துவிடும்.

எண்ட்கேமுக்கு காபாபிளாங்கா – டார்டகோவர், நியூயார்க் 1924. யானை எண்ட்கேம். வெள்ளை யானை எச்7இல், ஏழாம் வரிசையில் நிற்கிறது (என் பெயருக்குக் காரணமே அதுதான்). கறுப்பு யானை வெள்ளையின் சிப்பாய்களை வெட்டக் காத்திருக்கிறது. பாதுகாப்பாக ஆடுபவர் சிப்பாய்களைக் காப்பாற்றப் போவார். காபாபிளாங்கா ராஜாவை ஜி3, எச்4, ஜி5 என்று நடக்கவிடுகிறார். சி3 சிப்பாய் செக்கோடு போகிறது, எஃப்4 சிப்பாயும் செக்கோடு போகிறது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராஜா ஜி5க்கு வந்ததும் பக்கத்தில் எஃப்5இல் கறுப்புச் சிப்பாய் வெட்டக் கிடக்கிறது. அதையும் வெட்டாமல் எஃப்6க்கு ஏறுகிறார். ஏன்? அந்தக் கறுப்புச் சிப்பாய் எஃப்5இல் இருக்கும்வரை எஃப் வரிசையிலிருந்து கறுப்பு யானையால் செக் கொடுக்க முடியாது. எதிராளியின் சிப்பாயே வெள்ளை ராஜாவுக்குக் குடை. எஃப்6க்கு வந்த உடனே எச்8இல் மேட் மிரட்டல், கறுப்பு ராஜா மூலைக்கு ஓட வேண்டியதுதான். பிறகு வெள்ளை யானை நிதானமாகச் சிப்பாய்களை ஒவ்வொன்றாக அறுவடை செய்கிறது.

யானை எண்ட்கேமில் சிப்பாய் எண்ணிக்கையைவிட ராஜாவும் யானையும் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதுதான் கணக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு சிப்பாய் செக்கோடு போகும்போதும் கை நடுங்காமல் ராஜாவை நடத்துவது எப்படி இருக்கும் என்று பலகையில் நீங்களே அந்த நாலு மூவை நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும். திரையில் வேண்டாம், இந்த ஆட்டத்தையாவது மரக்காய்களில் ஆடிப் பாருங்கள்.


நடுப்பலகை எழுதியது:

இன்னும் ஒரு சந்தேகம். நான் வெள்ளையில் எப்போதும் ரூய் லோபஸ்தான் ஆடுகிறேன். நடுவில் சிப்பாய்கள் பூட்டிக்கொள்ளும், அப்புறம் இரண்டு பக்கமும் காய்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்போம். மேலே சொன்ன ஆட்டங்கள் எல்லாம் வேறு மாதிரி நிலைகள். என் ஓப்பனிங்குக்குத் தகுந்த கிளாசிக் ஆட்டம் என்று தேடிப் படிப்பது நல்லதா, இல்லை எல்லாவற்றையும் கலந்து படிக்கலாமா?


சிப்பாய்நடை எழுதியது:

முதலில் நாலைந்து ஆட்டம் கலந்து, பார்க்கும் முறை கைவந்ததும் உங்கள் ஆட்டத்தில் வரும் சிப்பாய் அமைப்பை வைத்துத் தேடுங்கள். ஓப்பனிங் பெயரைவிடச் சிப்பாய் அமைப்புதான் முக்கியம். தனித்து நிற்கும் டி சிப்பாயோடு தாக்குவது எப்படி என்றால் பொத்வின்னிக் – விட்மர், நாட்டிங்ஹாம் 1936. ஒரே வரிசையில் யானைகளை முன்னால் விட்டு ராணியைப் பின்னால் நிறுத்தி எதிராளி மூச்சுவிட முடியாமல் செய்வது என்றால் அலெகின் – நிம்சோவிட்ச், சான் ரெமோ 1930, கடைசியில் கறுப்பால் எந்த மூவை ஆடினாலும் நஷ்டம்தான் என்ற நிலை, 30 மூவில் முடிகிறது. காபாபிளாங்கா – அலெகின் 1927 உலகப் போட்டியின் 34 ஆட்டங்களில் பெரும்பாலானவை குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட் ஓப்பனிங், அந்த அமைப்பு ஆடுபவர்களுக்கு அது ஒரு சுரங்கம்.

உங்களுக்கு கார்போவ் – உன்ட்ஸிகர், நீஸ் ஒலிம்பியாட் 1974. ரூய் லோபஸ், நடு பூட்டியாயிற்று, ஏ வரிசை மட்டும் திறந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அங்கே யானையை வைத்தால் எல்லாம் மாறிப்போய் டிராவை நோக்கிப் போகும். 24-வது மூவில் கார்போவ் தன் பிஷப்பை ஏ7இல் கொண்டுபோய் வைக்கிறார். தானே வரிசையை அடைக்கிறார்! இதைப் பார்த்துவிட்டு மேலே படிக்காமல் பத்து நிமிடம் யோசித்து எழுதுங்கள்.


நடுப்பலகை எழுதியது:

யோசித்து எழுதுகிறேன். பிஷப் ஏ7இல் இருக்கும்வரை கறுப்பு யானையால் வெள்ளை யானையை ஏ வரிசையில் எதிர்க்க முடியாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஆனால் பிஷப்புக்குப் பின்னால் வெள்ளை தன் யானைகளை அந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொள்ளலாம். எல்லாம் தயாரானதும் பிஷப்பை நகர்த்தினால் வரிசை வெள்ளைக்கு. அதாவது திறக்கும் நேரம் வெள்ளையின் கையில். இது சரியென்றால், ஏன் உடனே திறக்காமல் ராஜா பக்கம் எஃப்4க்குப் போகிறார் என்பதுதான் புரியவில்லை.


ஏழாம்வரிசை எழுதியது:

முதல் பகுதி அப்படியே சரி. இரண்டாவதற்கு, கறுப்பின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். பிஷப் எந்த நிமிடமும் ஏ7ஐ விட்டு நகரலாம், அதனால் கறுப்பு யானைகள் அந்தப் பக்கத்தை விட்டு வரவே முடியாது. வெள்ளை திறக்காமல் இருக்கும்வரை அந்த மிரட்டல் அப்படியே இருக்கும். திறந்து யானைகள் மாறிவிட்டால் மிரட்டல் தீர்ந்துவிடும். அதனால் அந்தப் பக்கம் கறுப்பைக் கட்டிப்போட்டுவிட்டு, இடம் அதிகமாக இருக்கும் மறுபக்கத்தில் இரண்டாவது முனையைத் திறக்கிறார். கறுப்புக் காய்களுக்கு நெருக்கடியில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஓடிவர வழியில்லை. வின்டர் ஆட்டத்தில் பிஷப் வராத பக்கம் போனாரே காபாபிளாங்கா, அதே யோசனை, ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, உலகத் தரத்திலான எதிராளிக்கு எதிராக.


எஞ்சின்பார்வை எழுதியது:

ஏ7ஐப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் எண்ணில் பெரிய மாற்றமே தெரியவில்லை, ஏற்கெனவே வெள்ளைக்கு நல்ல நிலை என்று மட்டும் காட்டுகிறது. கறுப்பு எப்படி ஆடினாலும் எங்கே விடுதலை என்று தேடித் தேடி ஆடிப் பார்த்தேன், பத்து மூவ் கழித்துதான் எவ்வளவு மூச்சுமுட்டும் நிலை என்று உறைத்தது. இந்த ஆட்டத்தில் தோற்றவர் பக்கம் ஆடுவது நல்ல பயிற்சி, எல்லோரும் ஒரு தடவை செய்து பாருங்கள்.


சிப்பாய்நடை எழுதியது:

நடுப்பலகை, அடுத்து 1974 கேண்டிடேட்ஸ், கார்போவ் – ஸ்பாஸ்கி 9-வது ஆட்டம். 23 மூவ் வரை வைத்துவிட்டு நிறுத்துங்கள். வெள்ளைக் குதிரை சி3இல் இருக்கும். அந்தக் குதிரைக்கு அங்கே வேலை இருக்கிறதா, வேறு எங்கே இருந்தால் நன்றாக இருக்கும், அங்கே போக வழி என்ன என்று எழுதி இங்கே போடுங்கள். 24-வது மூவைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அதுவரை சொல்லிவிடாதீர்கள். பிளிட்ஸ்பிரியன், நீங்களும் சேர்ந்து எழுதுங்கள், இரண்டு பேர் பதிலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.